தந்தப் பல்லக்கு காணாமற்போன மத்தியானம்

மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகு வியாபாரியின் பங்களாவை அவருடைய வாரிசுகள் சின்ன அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவள். கூட்டம் அதிகம் வராது என்பதால் கவுண்ட்டரில் உட்கார்ந்து துப்பறியும் நாவல்களாகப் படித்துத் தள்ளுவேன். உள்ளே காவலுக்கு இருந்தவரை எல்லோரும் சேட்டன் என்றுதான் கூப்பிடுவோம். பாட்டன் காலத்திலேயே கொச்சிக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம் அவருடையது. வீட்டில் பேச்சு தமிழ். படிக்க வந்தது மலையாளம் மட்டும்.

ஒரு மத்தியானம் காக்கி உடுப்பில் இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். ஃபேன் ரிப்பேர் என்றார்கள். மானேஜரே எழுந்து வந்து அவர்களை உள்ளே அழைத்துப் போனார். சேட்டனைச் சாப்பிட்டு வரச் சொன்னார். சாயங்காலம் பூட்டப் போன சேட்டன் போட்ட சத்தத்தில் நான் ஓடினேன். கண்ணாடிப் பெட்டியில் ஒரு கீறல் இல்லை. உள்ளே இருந்த சாண் நீளத் தந்தப் பல்லக்குதான் இல்லை.

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் என் மேஜையைத் திறந்து நாவலை வெளியே எடுத்தார். அட்டையில் ஒரு மியூசியம், கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் திருடன்.

“இது எந்தா?”

“கதைப் புத்தகம் சார். பாதிதான் படிச்சிருக்கேன்.”

மீதியை ஸ்டேஷனில் படிக்க வைத்தார். நான் உரக்கப் படித்து மலையாளத்தில் சொல்ல வேண்டும். தமிழ் தெரிந்த, எல்லைப் பக்கத்துக் கான்ஸ்டபிள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி விரல் வைத்துச் சரிபார்த்தார். கடைசி அத்தியாயத்தில் ஒரு வரியைத் தாண்டிப் போகப் பார்த்தேன். அந்த விரல் நகரவில்லை. திருடியது காவலாளி என்று படித்தேன்.

“கண்டோ?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“சார், அது யாரோ எங்கயோ உக்காந்து எழுதின கதை. நெசமா வந்தது அந்த ஃபேன்காரங்க ரெண்டு பேரு. மானேஜர்தான் உள்ள கூட்டிட்டுப் போனாரு.”

அதைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி என்னை அனுப்பிவிட்டார். மறுநாள் காலையில் சேட்டனைக் கொண்டுபோனார்கள்.

அவர் மனைவி கவுண்ட்டருக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ படிச்சவள்லே தங்கச்சி, வந்து ஒண்ணு சொல்லக்கூடாதா?” போனோம். ஸ்டேஷன் வராந்தாவைத் தாண்டி எங்களை விடவில்லை. மானேஜரிடம் கேட்டேன். “போலீஸ் காரியம், நமக்கெதுக்கு?” என்று ஃபைலைப் புரட்டினார்.

வழக்கு எதுவும் போடாமல் சில நாள் கழித்து விட்டுவிட்டார்கள். சேட்டனுக்கு வலது கை விரல்கள் மடங்கவில்லை. பார்க்கப் போனபோது சாயா கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் கதையில காவல்காரன் எதுக்காக்கும் திருடினான்?”

“மகள் கல்யாணத்துக்கு, சேட்டா.”

“எனக்கு மகளே இல்லல்லோ.”

அவர் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டார்.

பிற்காலத்தில் எங்கெங்கோ நடந்த மியூசியத் திருட்டுகளைப் பற்றிப் பத்திரிகைகளில் படிக்கும்போது, கயிறோ சுரங்கமோ இல்லாமல், வேலைக்காரர் உடுப்பில் முன்வாசல் வழியாகவே வந்து போனவர்கள்தான் அவற்றிலும் அடிக்கடி வந்தார்கள். பல்லக்கு கிடைக்கவே இல்லை. ஃபேன்காரர்களை யாராவது தேடினார்களா என்று எனக்குத் தெரியாது. சேட்டனை வேலைக்குத் திரும்ப எடுக்கவில்லை. அவரும் மனைவியும் ஏலூருக்கு, அவர் தம்பி வீட்டோடு போய்விட்டார்கள். மானேஜர் அந்தப் பெட்டியில் ஒரு பித்தளை வெற்றிலைச் செல்லத்தை வைத்தார். எனக்கு அந்தச் சம்பளம் வேண்டியிருந்தது. டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன்.