பக்கத்து அறைத் தண்ணீர்

என் அக்கா தவளைகளுக்குத் தீனி போட்டுச் சம்பளம் வாங்குகிறவள். ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அவள் பொறுப்பில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். ஒன்றில், சாக்கடைக்குச் சாக்கடை கத்துகிற சாதாரணத் தவளை. அதற்கு ஆபத்தில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மற்றதில் அதன் பங்காளி. ஒரே ஒரு மலை ஓடையில் வாழ்ந்த இனம், அழியும் தறுவாயில் இருப்பது. ஓடை வறண்ட வருடம் பிடித்து வந்த கொஞ்சம்தான் மிச்சம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

சாதாரணத் தவளை ஒருவகைப் பூஞ்சைக் காளானைச் சுமந்துகொண்டே சௌக்கியமாக இருக்கும். பங்காளிக்கு அது ஒட்டினால் சாவுதான். அதனால் அறைக்கு அறை செருப்பு வேறு, வலை வேறு. நான் அங்கே குழாய் வேலைக்குப் போனாலும், "காலைக் கழுவிட்டு வாடா எருமை" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

போன கோடையில் ஒரு மத்தியானம் பங்காளி அறையில் தண்ணீரைக் குளிர வைக்கும் மோட்டார் நின்றுபோனது. தொட்டி சூடேறித் தவளைகள் துவண்டு கிடந்தன. குழாய்த் தண்ணீரில் குளோரின். அது போக ஒரு நாள் திறந்து வைக்காமல் ஊற்றக் கூடாது. அப்படி வைத்திருந்த தண்ணீர் பக்கத்து அறை வாளியில் இருந்தது. பதறிப்போய்த் தூக்கி ஊற்றிவிட்டாள். அந்த அறை வலையை அந்த வாளியில்தான் அலசுவாள் என்பது ஊற்றிய பிறகுதான் உறைத்தது.

யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் நிலையத்தை நடத்தும் டாக்டரம்மாவிடம் நேரே போய்ச் சொல்லிவிட்டாள்.

"வேலை போயிருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்று கேட்டேன்.

"சொல்லலைன்னா மருந்து யாருடா கொடுப்பா, உங்கப்பனா?"

"உனக்கும் அவர்தான் அப்பன்."

சிரிக்கவில்லை. முகம் செத்துப்போயிருந்தது.

தினமும் ஒவ்வொன்றாக எடுத்து மருந்துத் தண்ணீரில் முக்கி வைத்தாள். தோல் உரிந்து, கையிலேயே செத்தவை நிறைய. பிழைத்தவை சில. அத்தனையும் ஆண். டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. "இனி முட்டை போட ஒண்ணும் இல்லம்மா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

மழைக்காலம் வந்ததும் அந்த ஆண் தவளைகள் பெட்டையைக் கூப்பிட்டுக் கத்த ஆரம்பித்தன. அக்கா அந்த அறையில் இரண்டு நாள் பொறுத்தாள். பிறகு லீவு போட்டுவிட்டு, டாக்டரம்மாவின் ஆட்களோடு அந்த மலை ஓடைக்குக் கிளம்பிவிட்டாள். தண்ணீர் திரும்பிய இடத்தில் ஒரு பெட்டையாவது ஒளிந்திருக்காதா என்று.

முட்டிவலிக்காரி, கல் கல்லாகப் புரட்டுகிறாள். இதுவரை அகப்பட்டதெல்லாம் சாதாரணத் தவளைதான்.