பெயின்ட் வாளியில் வைத்த டேலியா

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னே நடந்ததைப் பின்னே எழுதியிருப்பேன், சிலது மறந்தும் போய்விட்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நூலகத்துப் பெண் வீடு தேடி வந்து, "வேலையில இருந்து நின்ன பொம்பளைங்க பொழுத எப்படிப் போக்கறீங்கன்னு எங்க புத்தகத்துக்கு எழுதிக் குடுங்கம்மா" என்று நோட்டு ஒன்றைக் கையில் வைத்துவிட்டுப் போனாள். வாயால் சொல்லச் சொல்லியிருந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும்.

கிளியூர்ப் பக்கம் காப்பி எஸ்டேட்டில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். பழம் வந்தால் பழம் பறிப்பு, மற்ற நாளில் கவாத்து. காப்பிச் செடியில் நேராக மேலே கிளம்பும் தளிரை விட்டுவைத்தால் செடியின் சத்தையெல்லாம் அது குடித்துவிடும். அதை ஒடித்துப் போட வேண்டும். கத்தி வேண்டாம், இரண்டு விரல் போதும். நாங்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே போவோம். கண் பார்க்காமலே கை ஒடிக்கும்.

முழங்கால் மடங்க மாட்டேன் என்றதும் நின்றுவிட்டேன். வீட்டுக்காரர் அதற்கு முன்பே போய்விட்டார். மகள் சேலத்தில் இருக்கிறாள். ஒரு ஆளுக்குச் சோறாக்க எவ்வளவு நேரமாகும்? எட்டு மணிக்கெல்லாம் வேலை முடிந்து, மீதிப் பகல் மலை மாதிரி முன்னால் நிற்கும். "எதாச்சும் பொழுதுபோக்கு வெச்சுக்கம்மா" என்று மகள் போனில் சொல்வாள். கடையில் வாங்கலாம் என்பது போலச் சொல்வாள்.

அடுத்த வீட்டு அக்காவுக்கும் அதே கதிதான். டவுனில் ஒரு லாட்ஜில் இருபத்தாறு வருஷம் படுக்கை விரிப்பு துவைத்தவர். ஈரத்திலேயே நின்று நின்று மூச்சு வாங்கும் நோய் வந்து வீட்டோடு இருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஒயர் கூடை பின்னிப் பார்த்தோம். என் கூடை ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. "அம்மிணி, இதுல தக்காளி வெச்சா அதுவே எறங்கி ஊட்டுக்குப் போயிருமுங்க" என்று அக்கா சிரித்தார். போனில் பழம் வெட்டுகிற விளையாட்டை மகள் போட்டுக் கொடுத்தாள். இரண்டே நாளில் கண் எரிந்தது.

மாசியில் ஒரு நாள் அக்கா லாட்ஜ் தோட்டக்காரரிடம் ஒரு கிழங்கு வாங்கி வந்தார்.

"ஏனுங்கக்கா, கொழம்பு வெக்கவா?" என்றேன்.

"போங்க அம்மிணி, இது டேலியா. சாப்பாட்டுத் தட்டாட்டம் பூக்குமாமா. லாட்ஜுல மேசைக்கு மேசை இந்தப் பூவு வெப்பாங்க. நான் குனிஞ்சு துணி பொறுக்குனதோட சரி, நிமுந்து பாத்ததில்ல."

பழைய பெயின்ட் வாளியில் ஓட்டை போட்டு, அக்கா வீட்டு வாசலில் வைத்தோம். அது எங்கள் பொழுதாகிவிட்டது. காலையில் டீ டம்ளரோடு வாளியைச் சுற்றி உட்காருவோம். நேற்றைக்கு எத்தனை இலை, இன்றைக்கு எத்தனை என்று எண்ணுவோம். வேலைக்குப் போன நாளில் கூட நான் அவ்வளவு சீக்கிரம் எழுந்ததில்லை.

சித்திரை பாதியில் மொட்டு வந்தது. அந்த வாரமே அக்காவின் மகன் திருப்பூரிலிருந்து போன் செய்தான். மலைக்குளிர் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், வைகாசி பிறந்ததும் வந்து கூட்டிப்போகிறேன் என்றான். அக்கா ஒன்றுதான் கேட்டார். "பூவ மட்டும் பாத்துக்கறேன் சாமி. அப்பறம் எங்க வேணா கூட்டிட்டுப் போ."

போன் வந்து இரண்டு நாள் இருக்கும், காலையில் பனி மூடியிருந்தது. மகன் வீடு மூன்றாவது மாடி, அங்கே மண்ணே கிடையாது என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். பால் பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே ஓடினார். நான் மூன்றாவது மாடியை நினைத்துக்கொண்டிருந்தேன். மண் இல்லாத வீட்டில் இவர் காலையில் எதைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அப்போது 'டப்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் மொட்டு என் விரலுக்குள் இருந்தது. நேராக மேலே கிளம்பிய தண்டு. எஸ்டேட்டில் லட்சம் தளிரை ஒடித்த கை, இதையும் ஒடித்துவிட்டது.

மொட்டை மடியில் போட்டுக்கொண்டு, "வர்றேனுங்கக்கா" என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கூப்பாடு கேட்டது. "அம்மிணி, ஓடியாங்க! கொரங்கு ஒடிச்சுப் போட்டுது! நீங்க இங்கதான இருந்தீங்க, பாக்கலீங்களா?"

"இல்லீங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அக்கா பழைய கொசுவலையை வாளிக்குப் போர்த்தினார். ஒருநாள் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது சுற்றுலா வந்தவர் ஒருவர் குரங்குக்கு வாழைப்பழம் போட்டார். அக்கா மூச்சிரைக்கச் சண்டைக்குப் போனார். "அதுக்கெதுக்குங்க பழம்? என்ற பூவத் தின்ன வாயிங்க அது!" அந்த ஆள் சிரித்தார். நான் பஸ் வருகிறதா என்று பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பக்கத்துக் கிளைகளில் மிளகளவு மொட்டுகள் வந்தன. தினமும் வலையைத் தூக்கிப் பார்ப்பார். அவை விரியவில்லை. மகன் வந்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த அக்கா, "தண்ணி மட்டும் ஊத்துங்க. கொரங்கு வராம பாத்துக்கங்க" என்றார். அப்போது சொல்லியிருக்கலாம். பஸ் கிளம்புகிற சத்தத்தில் பாதி கேட்டிருக்காது. அந்தத் தைரியம் கூட எனக்கு வரவில்லை.

அக்கா போன பதினொன்றாம் நாள் அதில் ஒன்று பூத்தது. ரத்தச் சிவப்பு, ஓரத்தில் வெள்ளை. தட்டளவு இல்லை, டம்ளர் மூடி அளவுதான். ஞாயிற்றுக்கிழமை வந்த மகள் படம் பிடித்து அனுப்பினாள். அக்கா உடனே கூப்பிட்டார்.

"நொம்ப நல்லாருக்குதுங்க அம்மிணி. போட்டோவுல மணந்தான் வராது."

"நேருலயும் மணம் இல்லீங்கக்கா."

அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, மருமகள் போனை வாங்கி வைத்துவிட்டாள். இப்போது மாதம் ஒரு தரம் பேசுகிறார். ஒவ்வொரு தரமும் பேச்சு குறைகிறது. குரங்கு வந்ததா என்று மட்டும் கேட்க மறப்பதில்லை.

செடி காய்ந்து, கிழங்கு தூங்கி, மறுபடி முளைத்திருக்கிறது. காலையில் அதன் முன்னால் உட்காருகிறேன். இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக்கொள்கிறேன். பழுத்த இலையைக் கூடக் கிள்ளுவதில்லை, தானாக விழட்டும். என் பொழுதுபோக்கு என்று எழுத இதுதான் இருக்கிறது.

புத்தகத்தில் போடுமுன் யாராவது சரிபார்க்க வேண்டும். லாட்ஜில் இருபத்தாறு வருஷமா, இருபத்தேழா என்பது அந்தத் தோட்டக்காரருக்குத் தெரியும். இன்னொன்று, சர்க்கார் பூங்காவில் செடி தெரிந்தவர்கள் இருப்பார்கள், அவர்களிடம் கேளுங்கள். ஒடித்த மொட்டு கொட்டைப்பாக்கு அளவு, நுனியில் சிவப்பு தெரிந்தது. அக்கா பஸ் ஏறப் பதினாறு நாள் இருந்தது. ஒடிக்காமல் விட்டிருந்தால் அதற்குள் விரிந்திருக்குமா? விரிந்திருக்காது என்றால் குரங்கென்றே இருக்கட்டும். விரிந்திருக்கும் என்றால் புத்தகம் ஒன்றைத் திருப்பூருக்கு அனுப்புங்கள். மருமகள் வாசித்துக் காட்டுவாள். அக்காவின் பேச்சு இன்னும் குறைவதற்குள் கேட்டுச் சொல்லுங்கள்.