நிஸ்தார் காக்காவின் மோட்டர் பெட்டி

சென்ற வியாழன் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் வந்தபோது நான் முற்றத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். பொத்துவிலில் வேலை செய்துவந்த முகம்மது நிஸ்தார் நெஞ்சு வலியால் மௌத்தாகிவிட்டார் என்றார்கள். உம்மாவுக்கு யாரென்று பிடிபடவில்லை. வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு மாமிதான் சொன்னார்: "வேற ஆரு, நம்மட மோட்டர எரிச்ச நிஸ்தார்தான்." நான் கையிலிருந்த சட்டையைப் பிழிந்துகொண்டே நின்றேன். அதில் பிழிவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

நிந்தவூர்க் கடற்கரையோரம் எங்கள் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் பிரதான வீதியில் இரும்பு ஒட்டு வேலைப் பட்டறை வைத்திருந்தார். நாற்பது வயதும் ஆகவில்லை. பள்ளி மதிலோரம், பொதுக் கிணற்றடியில் வெட்டவெளியில் நிற்கும் தண்ணீர் மோட்டருக்குத் தகரப் பெட்டி அடித்துத் தந்தவர் அவர்தான். தொழுகைக்கு முன் கைகால் கழுவும் பள்ளியின் வுழூத் தொட்டியும் கடைசி வரிசை வீடுகளும் அந்த மோட்டரை நம்பித்தான் இருந்தன. நான் அப்போது பல்கலைக்கழகம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். எங்கள் வரிசையிலேயே முதல் பட்டதாரி என்பதால், என்னைக் கேட்காமலே தண்ணீர்ச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கி, பெட்டி வந்ததும் அதன் பூட்டுத் திறப்பையும் என்னிடமே தந்தார்கள்.

முதல் நாள் அவர் பழைய மோட்டரை விரலால் தட்டினார். துரு பட்டைபட்டையாக உதிர்ந்தது. "மழைக்கு ஒரு பொலித்தீன் போட்டாக் காணும், தங்கச்சி. இந்த உப்புக் காத்துக்கு அது காணா" என்றார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நூல் பிடித்து நீளம், உயரம், குழாய் திரும்பும் இடம் எல்லாம் அளந்தார். குடத்தோடு நின்ற ஜெஸீமா ராத்தா கேட்டார்: "என்ன நிஸ்தார், மோட்டருக்குப் பெருநாள் சட்டையா?"

"ஓங்கா. ஒங்கட மாப்பிள்ளைய விட இவருதானே நல்லா வேலை செய்றாரு!"

ராத்தா சிரித்த சிரிப்பில் குடத்துத் தண்ணீர் தளும்பியது.

தகரம் வெயிலில் அடுப்பு மாதிரிக் கொதிக்கும் என்று, உட்பக்கம் முழுக்கச் சூடு தடுக்கும் வெள்ளை ரெஜிபோம் அட்டை ஒட்டினார். மீன் வாடியில் கழித்த ஐஸ் பெட்டிகளில் இருந்து வெட்டியெடுத்தது. எவ்வளவு கழுவியும் மீன் வெடுக்குப் போகவில்லை. ஒரு கிழமையாக ஊர்ப் பூனைகள் பெட்டியைச் சுற்றியே படுத்திருந்தன. கடலைப் பார்க்காத பக்கத்துத் தகட்டில் மட்டும் கீழ்நோக்கி வளைந்த கீறல்களை ஒவ்வொன்றாக வெட்டினார். அதற்கே ஒரு நாள் போனது. ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்: "மூடுறது லேசு. மூடின பொறகு மூச்சு விட வைக்கிறதுதான் வேலை."

அதற்கு முன் எந்த மோட்டரும் ஒரு மாரி மழையைத் தாண்டியதில்லை. அந்தப் பெட்டிக்குள் இருந்தது இரண்டு மாரியைத் தாண்டியது. சாய்ந்தமருதில் இருந்தெல்லாம் அவரைத் தேடி வந்தார்கள்.

இனி எழுதுவது உங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக அடித்த ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் மின்சாரம் இல்லாததால் தொட்டி நிறையவில்லை. ஜும்ஆப் பிரசங்கமும் தொழுகையும் நடக்கும் நேரத்திலும் மோட்டர் ஓடியே ஆக வேண்டும். பள்ளி நிர்வாகத்து மரைக்கார் ஒருவர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள, குத்பா ஓதக்க இந்த இரைச்சல்? படிச்ச புள்ளதானே, ஒரு வழி பாருங்களன்" என்றார். நிறுத்தினால் தொழ வருபவர்களுக்கே தண்ணீர் இருக்காது என்று சொல்லியிருக்கலாம். ஆண்களுக்கு முன்னால் நிமிர்ந்து கதைத்துப் பழகாத நான் தலையாட்டினேன். கிணற்றடியில் கிடந்த நெல் சாக்குகளை மடித்து, அந்தக் கீறல்கள் அத்தனையையும் இறுக அடைத்தேன். இரைச்சல் நன்றாகக் குறைந்தது. மரைக்கார் கையை உயர்த்திக் காட்டினார். எனக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

தொழுகை முடிவதற்குள் கருகிய மணம் வந்தது. ஓடிப்போய் நிறுத்தினேன். ஆட்கள் வெளியே வருமுன் சாக்குகளைப் பிடுங்கி எங்கள் வீட்டுக் குசினிக்குள் போட்டேன்.

பின்னேரம் நிஸ்தார் காக்கா வந்தார். உருகியிருந்த ரெஜிபோமைச் சுரண்டிப் பார்த்தார். கீறல்களுக்குள் விரலை விட்டு விட்டு எடுத்தார். "காத்து காணல்ல போல. என்ட அளவுதான் பிழைச்சிட்டு" என்றார். நான் அவருக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றேன். சங்கக் கூட்டத்திலும் எழுந்து அதையே சொன்னார். கூட்டக் குறிப்பில் அதை எழுதியது நான். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினேன்.

அதன் பிறகு ஒருவரும் அவரிடம் பெட்டி அடிக்கவில்லை. அடித்திருந்தவர்களும் கழற்றிப் போட்டார்கள். அவர் ஒரு அட்டைத் துண்டில் பெட்டியின் படம் கீறிக்கொண்டு இரண்டு தரம் எங்கள் வாசலுக்கு வந்தார். "தங்கச்சி, நீங்க படிச்ச ஆள். இன்னும் ரெண்டு வரிசை வெட்டியிருந்தா எரியாம இருந்திருக்குமா?"

"தெரியா காக்கா" என்றேன், இரண்டு தரமும்.

பட்டறையை மூடிவிட்டுப் பொத்துவிலில் விடுதி கட்டும் இடமொன்றில் கூலிக்குப் போனார். புதிதாக வாங்கிய மோட்டர் வெறும் பொலித்தீனுக்குள் நின்று அடுத்த மாரியில் செத்தது. கடைசி வரிசைப் பெண்கள் இப்போதும் குடம் சுமக்கிறார்கள்.

நேற்று, கணவனை இழந்து வீட்டுக்குள்ளேயே இத்தாவில் இருக்கும் அவர் மனைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னார்: "கடைசியா வீட்ட வந்தநேரமும் அட்டையில கீறிட்டுத்தான் இருந்தாரு. எங்க பிழைச்சனெண்டு விளங்கல்லியே எண்டு கேப்பாரு. எனக்கு என்ன தெரியும், நான் பேசாம இருப்பன். ஹயாத்தோட, உசிரோட இருக்கக்க ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, புள்ள."

அந்தப் பெட்டியில் ஒரு பிழையும் இல்லை. இதை இப்போது நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அறிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இப்படியான நினைவுக் குறிப்பை, மறைந்தவரிடமிருந்து தனக்குக் கிடைத்ததைச் சொல்லி முடிப்பது வழக்கம். என்னிடம் இருப்பது அவர் இரண்டு தரம் வாசலில் வந்து கேட்ட கேள்விக்கான விடை. அது அவருக்குச் சேரவேண்டியது. வாங்கிக்கொள்ள இனி அவர் வரமாட்டார்.