தொப்பிக்குள் கிராப்பு

என் மகனுக்குப் பதின்மூன்று வயதில் திடீரென்று பக்தி வந்தது. வேறு வீடாக இருந்தால் பாயசம் காய்ச்சியிருப்பார்கள். நான் சந்தேகப்பட்டேன்.

அதுவரை தொழக் கூப்பிட்டால் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தவன், இப்போது தலையிலிருந்து தொப்பியை எடுப்பதே இல்லை. சோற்றுக்கு முன் தொப்பி, கணக்குப் போடும்போது தொப்பி, தூங்கும்போதும் தொப்பி. நான் துப்பறியும் நாவல்களைத் தேடித் தேடிப் படிக்கிறவன். குற்றவாளி யாரென்று பாதிப் புத்தகத்திலேயே தீர்மானித்து, கடைசிப் பக்கத்தில் தவறாமல் ஏமாறுகிறவன். அந்த அனுபவத்தின் பலத்தில் ஒரு முடிவுக்கு வந்தேன்: பையன் உள்ளே கிராப்பு வளர்க்கிறான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி அது. உத்தமபாளையத்தில் எங்கள் ஆட்களின் வீடுகளில் பையன்களுக்கு மொட்டைதான் வழக்கம். எங்கள் தெருக்களுக்கென்றே இருந்த நாவிதரான ஒஸ்தா, பெட்டியோடு வீடு வீடாக வந்து வழித்துவிட்டுப் போவார். கிராப்பு முதலில் துரைமார் தலையில் இருந்தது. பிறகு கோர்ட்டு வக்கீல்களுக்கு வந்தது. டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்ட பிறகு யார் தலைக்கும் உத்தரவாதம் இல்லை என்றாகிவிட்டது.

கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்த என் மாமனார், கிராப்பைக் கண்டால் அதன் பின்னால் சினிமா, சிகரெட்டு, மார்க்கக் கேடு மூன்றும் வரிசையில் நிற்பதைக் காண்பவர். பேரனை இங்கிலீஷ் படிக்க வைக்க நான் கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"படிக்கட்டும் மாப்ளே. ஆனா அவன் தலையில என்னைக்கு முடி நிக்குதோ, அன்னைக்குப் படிப்பு நின்னுரும். கூடலூர்க் கடையில மூட்டைக்குக் காவலா உக்கார வச்சிருவேன்."

செய்யக்கூடியவர். கடை அவருடையது. நாங்கள் குடியிருந்த வீடும் அவருடையது. நான் கூடலூருக்கும் குமுளிக்கும் அலைந்து பார்த்த வியாபாரமும் அவருடையதுதான். பையனின் படிப்பு மட்டும் என் யோசனை.

தொப்பியைத் தூக்கிப் பார்த்தால் தீர்ந்தது என்பீர்கள். பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு மாமனாரிடம் பொய் சொல்ல வேண்டிவரும். வெறும் சந்தேகமாக வைத்துக்கொண்டால் பாவமில்லை. ஒஸ்தா வருகிற நாளில் நான் எப்போதும் வெளியூரில். அவரைக் கேட்கவும் வழியில்லை. காலையில் அவர் காதில் விழுந்தது மத்தியானம் கம்பத்துக்குப் போய்விடும்.

ஆகவே தடயங்களைச் சேகரித்தேன். முல்லையாற்றில் கண் சிவக்கக் கிடந்து வருகிற பயல் இப்போது ஆற்றுப் பக்கமே போவதில்லை. கொல்லையில் கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிறான். ஒரு நாள் பென்சில் தேடுகிறவன் மாதிரி அவன் பையில் கையை விட்டேன். காகிதத்தில் சுற்றி, அடியில், ஒரு கறுப்புச் சீப்பு.

என் மனைவியிடம் ஜாடையாகக் கேட்டேன்: "பயலுக்குத் தலைக்கு எண்ணெய் தேய்ச்சுவிடுறியா?"

"அவன் என்ன பச்சப் புள்ளையா? அவனே தேய்ச்சுக்கிறான். எப்பப் பாரு தொப்பியோட இருக்கான், அதுகூடவா உங்களுக்குப் பொறுக்கல?"

தாயும் உடந்தை என்று மனசுக்குள் எழுதிக்கொண்டேன்.

பரீட்சைக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை மாமனார் வந்தார். ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவர், பேரனைக் கூப்பிட்டார்.

"ஏலே, இங்கன வா. தொப்பியக் கழட்டு. பரீட்சை நல்லா எழுத உச்சந்தலையில ஓதி ஊதிவிடுறேன்."

பையன் இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டான்.

"சோறு ஆறுது மாமா, அப்புறம் ஊதலாமே" என்றேன். என் குரல் எனக்கே திருட்டுக் குரலாகக் கேட்டது.

மாமனார் என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "என்ன, ரெண்டு பேரும் ஒரு மாதிரி முழிக்கிறீக?" என்றபடி எட்டித் தொப்பியை உருவினார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கூடலூர்க் கடையும் மூட்டைகளும் தெரிந்தன. சத்தம் ஏதும் வராததால் திறந்தேன். புதிதாகப் புளி போட்டுத் தேய்த்த செம்பு மாதிரி மின்னியது மொட்டை. ஒரு மயிரிழை இல்லை.

"மாஷா அல்லாஹ்! பாத்தீகளா மாப்ளே? இங்கிலீசு படிச்சும் புள்ள எப்படி இருக்கான்!" என்று ஓதி ஊதிவிட்டு, நிறைவாகச் சாப்பிட்டு, பஸ் ஏறினார்.

அவருக்குத் தீர்ந்தது. கடைசிப் பக்கத்தில் ஏமாந்த எனக்குத் தீரவில்லை. பையனைத் தனியே மடக்கினேன்.

"மொட்டைதானலே இருக்கு? பின்ன எதுக்கு அந்தப் புடி புடிச்ச?"

"கிளாசுல எல்லாருக்கும் கிராப்பு அத்தா. தொப்பிய எடுத்தா வரிசையா வந்து தட்டுறாய்ங்க. ஆத்துலயும் அப்படித்தான்."

"வீட்டுல யாரு தட்டுறா?"

தரையைப் பார்த்தான். "கண்ணாடியில தெரியுதுல்ல."

"சீப்பு எதுக்கு?"

தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

வெளியிலிருந்து என்னென்ன உள்ளே வந்துவிடுமோ என்று இத்தனை நாள் அவன் தலைக்கு மேலேயே காவல் இருந்தேன். கிராப்பு தலைக்குள் போய் எப்போதோ உட்கார்ந்துவிட்டது. உள்ளே போனதை ஒஸ்தாவின் கத்தியால் வழிக்க முடியாது. வழிக்க வழிக்க ஆழமாகப் போகுமோ என்று வேறு தோன்றியது. இதை மாமனாரிடம் விளக்க எனக்குத் தெம்பில்லை.

அடுத்த முறை ஒஸ்தா வந்தபோது நான் கூடலூர் போகாமல் வீட்டிலேயே இருந்தேன். எனக்கு வழித்து முடித்துவிட்டு, "தம்பிய வரச் சொல்லுங்க" என்றார்.

"அவனுக்குச் சளி. தலையில தண்ணி படக் கூடாது. கொஞ்ச நாள் போகட்டும்."

"நேத்துக்கூடக் கடைவீதியில நல்லாத்தான திரிஞ்சாக?"

"ராத்திரி புடிச்சிருச்சு."

கதவோரம் நின்ற பையன் என்னைப் பார்த்தான். நன்றி இருக்குமென்று எதிர்பார்த்தேன். இதில் என்ன சூழ்ச்சியோ என்கிற பார்வைதான் இருந்தது. ஒஸ்தா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கத்தியை நிதானமாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். ஸலாம் சொல்லிவிட்டு, கம்பம் பஸ் நிற்கிற பக்கமாக நடந்தார்.

அவர் வீடு எதிர்ப்பக்கம்.