ஞானபாக்கியத்தின் அந்தமான் லீவு

ராயபுரம் கல்மண்டபம் பகுதியில் யார் வீட்டு மின்விசிறி நின்றாலும், எந்தத் தையல் மிஷின் இறுகிக்கொண்டாலும், அதைத் தூக்கிக்கொண்டு ஞானபாக்கியத்தின் வாசலில் வந்து நிற்பார்கள். அவள் புருஷன் அருள்பிரகாசம் துறைமுக ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். கைராசிக்காரர் என்று ராயபுரமே சொன்னது. அந்தக் கையைக் கட்டிக்கொண்டு பாக்கியம் பட்ட பாடு ராயபுரத்துக்கு எங்கே தெரியும்? கல்யாணத்தன்று மைக்செட் கெட்டுப்போக, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அதற்குள் தலையை விட்ட மாப்பிள்ளை, பிரியாணி அண்டா காலியான பிறகுதான் தலையை வெளியே எடுத்தார். இப்படி ஒரு மாப்பிள்ளையா என்று பெண் வீட்டார் மெச்சினார்கள். அவள் மாலையும் கழுத்துமாகத் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டு வருஷமாக அதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து படியிறங்கும்போதே யாராவது ஒரு பம்ப்செட்டோடு காத்திருப்பார்கள். வீட்டிலிருந்து நாலு தெரு தாண்டினால் கடல். அங்கே புருஷனோடு ஒரு சாயங்காலம் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தோம் என்று சொல்ல அவளுக்கு ஒரு நாள் வாய்க்கவில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு, அந்தமானில் கப்பல்கள் வந்து நிற்கும் ஜெட்டியில் கிரேன் ஒன்று படுத்துவிட்டது, போய்ச் சரிசெய்து வா என்று அருள்பிரகாசத்துக்கு உத்தரவு வந்தது. வேலை இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும். திரும்பி வரும் கப்பலோ பத்து நாள் கழித்துத்தான். மீதி நாளெல்லாம் அங்கே என்ன செய்வது என்று அவர் தலையைச் சொறிந்தார். பாக்கியத்துக்கு அது போதும். நானும் வருகிறேன் என்றவள், அன்றைக்கே பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கிவிட்டாள்.

அந்தமான் என்றதும் தெருவே வாயில் கை வைத்தது. உன் வீட்டுக்காரர் யாரைக் குத்தினார், ஆயுள் தண்டனையா என்று பக்கத்து வீட்டு அங்கம்மா விசாரித்தாள். பாக்கியம் சட்டை செய்யவில்லை. மகள் எல்சியைக் காலடிப்பேட்டையில் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, பெட்டியின் அடியில் பூப்போட்ட மெல்லிய வாயில் துணிப் புடவை ஒன்றை மடித்து வைத்தாள். கடற்கரையில் உட்கார்வதற்கென்று வாங்கிய புடவை அது.

கப்பலில் அவள் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். அந்த நிலையிலும் ஒன்றை மட்டும் அவருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாள். துறைமுக ஒர்க்ஷாப்பில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: வேலை முடிந்தாலும் முடிந்தது என்று வாயைத் திறக்கக் கூடாது. மூடியைக் கழற்றி வைத்து, சாக்கில் நாலு நட்டைப் பரப்பி, மேலதிகாரி வந்தால் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்று இழுக்க வேண்டும். கை சும்மா இருந்தால் அதிகாரிக்குக் கண் உறுத்தும், அடுத்த வேலையைத் திணித்துவிடுவார். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூட இது தெரியும். கிரேன் முடிந்தாலும் கடைசி நாள் வரைக்கும் முடிந்ததாகச் சொல்லாதே என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். அவரும் மண்டையை ஆட்டினார்.

ஆட்டிய மண்டை மூன்றாம் நாளே மறந்துவிட்டது. கிரேன் முனகாமல் சுமையைத் தூக்கியதும் மனிதருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. நேராக எஞ்சினீயர் அறைக்குப் போய், முடிந்துவிட்டது சார், ஓட்டிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். எஞ்சினீயர் ஓட்டிப் பார்த்தார், தோளைத் தட்டினார், ரொம்ப நாளாக நின்றுபோன லாஞ்சுப் படகு ஒன்று இருக்கிறது என்றார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? லாஞ்சு முடிந்து மர மில், மர மில் முடிந்து ஐஸ் மிஷின். போதாக்குறைக்கு பஜாரில் டீக்கடை வைத்திருந்த லியாகத் அலி, தொண்டையார்பேட்டைக்காரர், நம்ம ஊர்க்காரர் வந்திருக்கிறார் என்று கண்டுபிடித்து மாவு மிஷினைக் காட்டினார். நம்ம ஊர் என்று சொல்லிவிட்டால் அருள்பிரகாசத்துக்கு இல்லை என்ற வார்த்தையே வராது. பாக்கியம் தங்கியிருந்த விடுதியின் ஜன்னலில் உட்கார்ந்து, கண்ணுக்கெதிரே பச்சைப் பசேலென்று கிடந்த கடலை வைதுகொண்டிருந்தாள். கல்மண்டபத்திலாவது பேச நாலு பேர் இருந்தார்கள். தனியாக உட்கார்வதற்கா கடல் தாண்டி வந்தாள்?

கப்பல் ஏற இரண்டு நாள் இருக்கும்போது, கிரீஸ் கையோடு சோற்றுக்கு வந்தவரின் முன்னால் தட்டை வைக்காமல் நின்றாள்.

"எல்சிப்பா, மெய்யாலுமே கேக்குறேன். நான் மிஷினா இருந்தா ஒரு தபாவாவது என்னாண்ட வந்து குந்தி இன்னா ரிப்பேருன்னு பாத்திருப்ப இல்ல?"

அவள் கத்தியிருந்தால் அவர் சமாளித்திருப்பார். அவள் கத்தவில்லை. அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

மறுநாள், கடைசி நாள், யாரும் தேடி வருவதற்குள் இருவரும் விடுதியை விட்டு நழுவினார்கள். எதிரே தெரிந்த குட்டித் தீவுக்குக் கூட்டிப்போக சுயம்பு என்ற தூத்துக்குடிப் பையனின் மோட்டார் படகைப் பிடித்தார்கள். பாக்கியம் அந்தப் பூப்போட்ட புடவையைக் கட்டியிருந்தாள். பாதி தூரம் போயிருப்பார்கள், எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

சனியனே என்றாள் பாக்கியம், எஞ்சினையா புருஷனையா என்று அவளுக்கே தெரியாமல். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவருடைய விரல்கள் தொடைமேல் துடிப்பதை அவள் பார்த்தாள். அவர் ஒரு தடவை தொட்டால் போதும், எஞ்சின் ஓடிவிடும். ஓடினால் ஜெட்டி முழுக்கத் தெரிந்துவிடும், இறங்கும்போது பத்துப் படகு வரிசையில் நிற்கும். இந்த நாளும் போய்விடும்.

சுயம்பு துடுப்பை எடுத்து வைத்துவிட்டு, தலையைச் சொறிந்தபடி திரும்பினான்.

"அண்ணாச்சி, உங்களுக்கு எஞ்சின் வேலை தெரியுமா?"

அருள்பிரகாசம் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

"எனக்கு இன்னா நைனா தெரியும்? நான் மாதா கோயில்ல மணி அடிக்கிறவன்."

பாக்கியம் திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது. எண்ணெய்க் குழாயில் தூசி, ஊதினால் போய்விடும் என்று அவள் காதில் மட்டும் முனகினார். ஆனால் கையை எடுக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கை அவளுக்காகச் சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.

எஞ்சின் மூடியைத் திறந்து தப்பான இடத்தில் குடைந்துகொண்டிருந்த பையனிடம் அவள் சொன்னாள்:

"மெதுவாவே பாருப்பா. எங்களுக்கு இன்னா அவசரம்?"