முதல் கையெழுத்துப் போட்ட போதகர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை உடுவிலுக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல, சண்டை பிடிக்க. வலிகாமம் வடக்கில் எங்கள் பன்னிரண்டு பரப்புக் காணி இன்னும் இராணுவ முகாமின் கம்பிவேலிக்குள் கிடக்கிறது. அதைப் பற்றி எம்.பி.யிடம் கேட்க வேண்டியிருந்தது. உங்களில் சிலருக்கும் இதே அலைச்சல் இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

வவுனியாவில் காலை 5.30 பஸ். யாழ்ப்பாணம் வர மூன்று மணித்தியாலம். அங்கிருந்து காங்கேசன்துறை வீதியால் மருதனார்மடம் சந்தி, ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர். பிறகு ஓட்டோ, 300 ரூபா.

"போதகற்றை ஒஃபிசுக்குப் போகவேணும்" என்றேன்.

"எம்.பி. எண்டு சொல்லுங்கோ அக்கா. போதகர் எண்டால் அவருக்கு இப்ப கோவம் வரும்" என்றார் ஓட்டோக்காரர்.

எங்களுக்கு அவர் போதகர்தான். நாங்கள் சைவக்காரர். ஆனாலும் இடம்பெயர்ந்து உடுவிலில் இருந்தபோது எங்களைத் தேடி வந்தவர் அவர். வெள்ளை அங்கியோடு இராணுவ முகாம் வாசல் வெயிலில் எங்களோடு குந்தியிருந்தார். "காணியைத் தராமல் சமாதானம் எண்டு கதைக்காதேங்கோ" என்று அதிகாரியின் முகத்துக்கு நேரே சொன்னார். அன்று அப்பா அழுதார்.

பிறகு அங்கியைக் கழற்றினார். வடக்குக்குத் தனி அதிகாரம் எதுவும் வேண்டாம், ஒரே நாடு, ஒரே அரசு என்கிற கட்சியில் சேர்ந்தார். முதல் தேர்தலில் தோற்றார், அடுத்ததில் வென்றார். அது அவர் விருப்பம். ஆனால் "அந்தச் சனத்துக்கு இப்ப அந்தக் காணி தேவையில்லை" என்று கூட்டத்தில் பேசினாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒன்பதரைக்குப் போன என்னை 12.20க்குத்தான் கூப்பிட்டார்கள். நீள மண்டபம், கடைசியில் அவர் மேசை. கதைப்பது எல்லோருக்கும் கேட்கும்.

"பிள்ளை, முகாம் நாட்டுக்குத் தேவை. நட்டஈடு எடுத்துத் தாறன்."

"நான் காசு கேக்கேல்லை ஐயா. காணி தேவையில்லை எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? அப்பா சாகுமட்டும் கேட்டவர்."

"அது அந்தக் காலம். அப்ப நான் போதகர்."

"அப்ப, போதகர் சொன்னது பொய்யோ, எம்.பி. சொல்லுறது பொய்யோ?"

காணியை விடச் சொல்லி அன்று எழுதிய மனுவை எடுத்து மேசையில் வைத்தேன். எழுதியவர் அவர். முதல் கையெழுத்தும் அவருடையது. பேனையை நீட்டினேன்.

"உங்கடை பேரை வெட்டுங்கோ. எல்லாருக்கும் முன்னாலை வெட்டுங்கோ."

கடதாசியைப் பார்த்தார். பேனையைத் தொடவில்லை. "அடுத்த ஆளைக் கூப்பிடு" என்றார் உதவியாளரிடம்.

அடுத்த ஆள், மகளின் இடமாற்றத்துக்காக வந்திருந்த ஒரு பெண். எழும்பி வந்தார்.

"பேனையை இஞ்சை தாங்கோ தங்கச்சி. எங்கடை காணியும் அந்தக் கம்பிவேலிக்குள்ளைதான் கிடக்கு."

அந்தப் பெண் எம்.பி.யின் மேசையிலேயே குனிந்து மனுவில் கையெழுத்துப் போட்டார்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை எட்டரைக்கு முன்பே போங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியை மட்டும் கொடுங்கள். தனியறைக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள், மண்டபத்திலேயே கேளுங்கள்.

பின்னேரம் வவுனியா பஸ் ஏறியபோது மனுவில் பதினொரு புதுப் பெயர்கள் இருந்தன. போதகரின் பெயரும் மேலே அப்படியே இருக்கிறது. நான் அதை வெட்டமாட்டேன். வெட்டுவதென்றால் அவர் கையாலேயே வெட்டட்டும்.