பைய எடு

இன்று காலை முற்றத்துத் தூம்பிலிருந்து மணல் பையை உருவிக் கிணற்றுச் சுவரின் மேல் காயப் போட்டேன். கித்தான் துணிப் பை. தைத்தவர் என் மாமனார், ஒட்டுப் போட்டவள் நான். முற்றத்து மழைத்தண்ணீர் தெருவுக்குப் போகிற துவாரத்தைக் கோடை முழுவதும் அடைத்துக்கொண்டு, பெருச்சாளி உள்ளே வராமல் காவல் கிடக்கும். மழைக்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். வீட்டுக்குக் குழாய் வந்துவிட்டது, மின்விளக்கும் வந்துவிட்டது. பெருச்சாளி இரண்டையும் மதிக்காததால் பை மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது. இந்தப் பையால்தான் என் நாத்தனாரின் கலியாணம் நின்றுபோகப் பார்த்தது. அதில் என் பங்கு பெரிது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்த நான் பதினெட்டு வயதில் பாளையங்கோட்டைக்கு வாழ வந்தேன். மாமியார் காலமாகியிருந்தார். கணவருக்குத் தூத்துக்குடியில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். மற்ற நாட்களில் வீட்டில் மாமனார், என்னைவிட நான்கு வயது மூத்த நாத்தனார், நான். மாமனார் மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளை மேய்த்த கண்டிப்பை எல்லாம் ஓய்வுக்குப் பின் விறகின் மேலும் விளக்கின் மேலும் திருப்பிவிட்டார். மழைத்தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும், பாதி விறகு மிச்சம் என்பது அவர் கண்ட உண்மை. அதற்காகக் கூரை ஓரத்தில் தகரத்தால் வாய்க்கால் ஓடவிட்டு, அதன் கீழே அண்டா வைத்திருந்தார். மழைத்தண்ணீர் ஒரு சொட்டு வீணாகத் தெருவில் ஓடினாலும் அவர் முகம் வாடிவிடும். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்தப் பருப்பு பூப்போல மலர்ந்துதான் இருந்தது.

புரட்டாசியில் ஓடு மாற்றுவது அவருக்குத் திருநாள். நான் வந்த வருஷம் ஏணியில் நின்றபடி பழைய ஓடுகளை அடுக்காகக் கையில் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, பைய வாங்கு, பைய வாங்கு" என்றார். எங்கள் ஊரில் பைய என்றால் பையை என்றுதான் அர்த்தம். ஓடிப்போய் ஆணியில் தொங்கிய வேதப்புத்தகப் பையை எடுத்து வந்து, அதன் வாயை விரித்து ஏணிக்கடியில் நின்றேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓடுகள என்ன, கோயிலுக்கா கொண்டுட்டுப் போகப் போற?" என்று கேட்கும்போதே ஓடுகள் கை நழுவி விழுந்து நொறுங்கின. நாத்தனார் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்தச் சீமையில் பைய என்றால் மெதுவாக என்று அன்று கற்றேன். இனி ஒரு நாளும் இந்தச் சொல்லிடம் ஏமாறுவதில்லை என்று வைராக்கியமும் கொண்டேன். வினை அங்கேதான் தொடங்கியது.

நாத்தனாருக்கு அதற்கு முன் வந்த இரண்டு வரன்களும் விளக்கால் கெட்டவை. இரண்டு தடவையும் பெண் பார்க்க அந்தி நேரத்தில் வந்தார்கள். மாமனார் திரியை நெல்மணி அளவுக்கு மேல் ஏற்ற மறுத்துவிட்டார். "மண்ணெண்ணெய் என்ன தாமிரபரணித் தண்ணியா?" என்பார். வந்தவர்கள் பெண் இருந்த திசையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னவர்கள் சொல்லியே அனுப்பவில்லை. மூன்றாவதாக ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தபோது நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, இதுவும் போச்சுன்னா நான் பள்ளிக்கூட விடுதிக்கு மேற்பார்வைக்குப் போயிருதேன். அப்பா திரிய இறக்கிக்கிட்டே இருக்கட்டும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் என் கையை விடவில்லை. பட்டப்பகலில் வரச் சொல்லி நானே மாமனாரைக் கடிதம் எழுதவைத்தேன்.

அந்த வருஷம் புரட்டாசி பொய்த்திருந்தது. மழையே இல்லாதபோது பெருச்சாளிக்கு எதற்கு வழிவிட வேண்டும் என்று மாமனார் தூம்புப் பையை எடுக்காமலே வைத்திருந்தார். ஐப்பசியில் மாப்பிள்ளையும் அவர் தாயாரும் வண்டியில் வந்து இறங்கிய சிறிது நேரத்தில் வானம் பொத்துக்கொண்டது. மாப்பிள்ளையின் புதுச் செருப்பு நனையக் கூடாது என்று மாமனாரே அதை எடுத்து வந்து முற்றத்துப் படியில் வைத்தார். கூடத்தில் வருஷத்துக்கு ஒருமுறை விரிக்கும் பத்தமடைப் பாய். நாத்தனார் அறைக்குள், கூப்பிட்டால்தான் வெளியே வரலாம். நான் அடுக்களையிலிருந்து ஒரு தட்டில் காப்பியும் முந்திரிக்கொத்துமாக வந்தபோது முற்றத்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. அண்டா நிரம்பியதும் முற்றத்தையே அண்டாவாக்கிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் செய்யக்கூடியவர்தான்.

"பைய எடும்மா" என்றார் மாமனார். பலகாரத் தட்டு வரும்போது சம்பந்தி எதிரில் தூம்பு என்ற சொல்லைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. எனக்கா தெரியாது என்று நான் நடையைத் தளர்த்தினேன். "பைய எடு" என்றார் மறுபடியும், கொஞ்சம் உரக்க. இன்னும் மெதுவாக அடி வைத்தேன். "பைய! பைய!" என்று அவர் கத்தக் கத்த, நான் நற்கருணைப் பாத்திரம் ஏந்தியவள் மாதிரி ஊர்ந்தேன். மாப்பிள்ளையின் செருப்புகள் இரண்டும் படியை விட்டுக் கிளம்பி மிதந்தன. தண்ணீர் கூடத்தில் ஏறிப் பத்தமடைப் பாயைத் தொட்டது. மாமனாரின் கண்ணில் நீர் முட்டியதை நான் பார்த்தேன். மாப்பிள்ளை எழுந்து சுவரோரம் கிடந்த நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டார்.

அப்போது அறைக்கதவு படாரென்று திறந்தது. யாரும் கூப்பிடாமலே என் நாத்தனார் வந்தாள். பட்டுச்சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, முற்றத்தில் இறங்கி, தோள்வரை தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவிப் பையை உருவினாள். தண்ணீர் கடகடவென்று ஓடியது. தெருப்பக்கம் ஓடப்பார்த்த செருப்புகளையும் எட்டிப் பிடித்தாள். ஒரு கையில் சேறு சொட்டும் பை, மறு கையில் மாப்பிள்ளையின் செருப்பு. தலைப்பூ கழுத்தில் தொங்க, கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்ததும்தான் அவளுக்குச் சுரணை வந்தது. அழுதுவிடுவாள் போலிருந்தது. மூன்றாவதும் போயிற்று என்று முடிவு கட்டிவிட்டேன்.

மாப்பிள்ளையின் தாயார் நாற்காலி மேல் நின்ற மகனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க வீடு ஆத்தங்கரை, அண்ணாச்சி. வருசா வருசம் வெள்ளம் உள்ள வரும். இவன் இப்படித்தான் ஏறி நிப்பான். இறங்குத பிள்ள ஒண்ணு இல்லாமத்தான் தவிச்சுக்கிட்டு இருக்கோம்" என்றார். அந்தத் தை மாதமே கலியாணம் நடந்தது. மாமனார் அன்று எல்லா விளக்கிலும் திரியை உயர்த்திவிட்டார். ஒன்றில் கண்ணாடி வெடித்துவிட்டது, அப்போதும் மற்றவற்றில் திரியை இறக்கவில்லை.

அதன்பின் அவர் என்னிடம் பைய என்ற சொல்லை எடுக்கவே இல்லை. மகனிடம் பைய, வண்டிக்காரரிடம் பைய, எனக்கு மட்டும் புத்தகத்தில் இருப்பது போல "மெதுவாக." கடைசியாகப் படுத்திருந்த நாட்களில் நான் தோளைப் பிடித்துத் தூக்கும்போது வலியில் "பைய..." என்று வந்துவிட்டது. உடனே என் முகத்தைப் பார்த்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "மெதுவாக" என்று திருத்தினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இன்று நானும் எல்லோரிடமும் பைய என்றுதான் பேசுகிறேன். எனக்காகச் சொல்லை மாற்றிப் பேச இப்போது ஆள் இல்லை, அது எனக்குக் குறைதான். காலையில் பையை உருவும்போது தையல் ஓரம் கொஞ்சம் விட்டிருந்தது. மாமா, மெதுவாகத்தான் எடுத்தேன்.